இரண்டாம் டேபிள், பி பக்கம்

இன்று காலை பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது, உத்திரமேரூர் கடைத்தெருவில் அந்த கிரில் பட்டறை வாசலில் நின்றுவிட்டேன். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கம்பிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் கருகும் வாடையும் அதற்குள் இரும்பு சுடும் வாடையும் மழை ஈரத்தில் மேலே போகாமல் தெருவிலேயே தங்கியிருந்தன. உன் துப்பட்டாவில் வரும் வாடை அது. ஷிப்ட் முடிந்து முகம் கழுவி, பவுடர் போட்டு, பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் போகாத வாடை. "மோந்து மோந்து பாக்காதமே, இன்னிக்கி சென்ட்டு கம்மியா போட்டுகினேன்" என்பாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை. நான் எதையும் எளிதில் வெளியே சொல்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் இன்று கம்பெனி வெல்டிங் ஷாப்பில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், அதற்கு முதலிலிருந்து வர வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

பத்தாவது வரை நாம் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அதன் பிறகு நீ ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தாய். நான் இன்ஜினியரிங் முடித்து, மேலும் இரண்டு வருஷம் படித்தேன். எட்டு வருஷம் கழித்து ஒரே கம்பெனி பஸ்ஸில் சந்தித்தோம். மானாம்பதியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, ஒரு கையில் டிபன் பாக்ஸும் வாயில் ஒரு கதையுமாக நீ ஏறுவாய். உனக்கு ஜன்னல் ஓரம். எனக்குப் புத்தகம். பாதி வழியில் நீ புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டு மிச்சக் கதையைச் சொல்வாய்.

நீ கீழே ஷாப்பில் இருந்தாய். நான் மேலே கண்ணாடி அறையில் இருந்தேன். ட்ரெய்லர் வண்டிகளுக்கு அடியில் போகும் நீளமான பீம்களைச் செய்கிற கம்பெனி. இரும்பை இறுக்கிப் பிடித்துச் சூடுவைத்து ஒட்டும்போது அது எந்தப் பக்கம், எவ்வளவு கோணும் என்பதைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. நீ சேர்ந்து ஒன்றரை வருஷமாகியும் கான்ட்ராக்டில்தான் இருந்தாய். பங்குனியில் பெர்மனென்ட் லிஸ்ட் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் பெயர் வந்தால் அம்மா கூலிக்குப் போகவேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாய். அதற்குப் பிறகு லிஸ்ட்டைப் பற்றி நீ பேசியதெல்லாம் கிண்டல்தான். அந்தக் கிண்டலின் எண்ணிக்கையை வைத்தே உனக்கு அது எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் ஏதோ கையெழுத்துக்காக மேலே வந்தாய். என் திரையைப் பார்த்து நின்றுவிட்டாய்.

"இன்னாமே இது, சேமியா ஐஸ் மாரி கலர் கலரா கீது?"

"பீம். நீ வெல்டு வைக்கும்போது எந்த இடத்துல எவ்வளோ சூடுன்னு காட்டுது."

"செவப்பா ஒண்ணு ஓடுதே, அது நானா?"

"நீதான்."

"குண்டா கீறேன்" என்றாய்.

அன்று நான் உனக்கு விளக்கியது என் பேராசிரியர்கள் முன்னால் விளக்கியதைவிடத் தெளிவாக வந்தது. சூடுபட்ட இடம் விரியப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. சூட்டில் இளகியிருப்பதால் அந்த இடம் எதிர்த்து நிற்க முடியாமல் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்ளும். ஆறும்போது எல்லா இரும்பையும் போல அதுவும் சுருங்கும். ஆனால் ஏற்கெனவே நசுங்கிய அளவுக்கு இப்போது நீளம் குறைவு. அந்தக் குறைதான் முழு பீமையும் பிடித்து இழுக்கும். என் மாடல் செய்வதெல்லாம், பீமைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு விரியப் பார்த்தது, எவ்வளவு நசுங்கியது, எவ்வளவு இழுக்கிறது என்று கூட்டிக்கொண்டே போவதுதான்.

நீ திரையில் அந்தச் சிவப்பை விரலால் தொட்டாய். "அப்ப சூட்டால கோணல. விரிய வுடாததால கோணுது" என்றாய்.

இதை நான் எத்தனையோ புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இவ்வளவு சின்னதாக யாரும் எழுதியிருக்கவில்லை.

தை மாதம் அந்தப் புதிய பீம் வந்தது. ப எழுத்தைப் போல மடித்த நீளமான தகடு, அதன் மேல் ஒரு மூடித் தகடு. மேல் விளிம்புகள் இரண்டிலும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் தொடங்கி, முழு நீளத்துக்கும் வெல்டு வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஏ, எதிர்ப்பக்கத்துக்கு பி என்று பெயர். எப்படிச் செய்வது என்ற ப்ராசஸ் ஷீட்டை எழுதியது நான்தான். அதில் வோல்டேஜ் இருந்தது, கம்பி வேகம் இருந்தது. கை எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போக வேண்டும் என்பது இல்லை. எழுதவேண்டிய அவசியம் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஷாப்பில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் வெல்டு வைக்கும் டார்ச்சை வலது கையில் பிடித்து, தங்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாடலில் இரண்டு பக்கத்துக்கும் அதையே கொடுத்துவிட்டேன்.

பீம்கள் முறுக்கிக்கொண்டு வந்தன. சமமான மேஜையில் வைத்தால் மூன்று மூலை உட்காரும், நான்காவது ஐந்து மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கு மேல் போனால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "முதல்ல உன் மாடல் நிஜத்தோட ஒத்துப்போவுதான்னு காட்டும்மா. அப்புறம் வழி சொல்லு."

பீம் ஒட்டும் ஐந்து டேபிள்களிலிருந்தும் அளவு எடுத்து, மாடல் சொன்ன கோட்டோடு சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தேன். நான்கு டேபிள்களின் புள்ளிகள் கோட்டின் மேலேயே உட்கார்ந்தன. இரண்டாம் டேபிளின் புள்ளிகள் மட்டும் எங்கோ கீழே கிடந்தன. அந்த பீம்கள் முறுக்கவே இல்லை.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் இரண்டாம் டேபிளுக்கு ஓடிப்போய், எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். மாடல் போடுகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு புத்தி எனக்கு வந்தது. நான்கு டேபிள் என் கோட்டோடு ஒத்துப்போகின்றன, எனவே மாடல் சரி, எனவே இரண்டாம் டேபிளில்தான் ஏதோ தவறு என்று நினைத்தேன். ஷாப்பிலேயே நேராக வந்த பீம்களை நான் பிழைப் பட்டியலில் சேர்த்தேன்.

அந்த டேபிளின் ஏ பக்கம் பக்தா அண்ணன். பதினெட்டு வருஷ அனுபவம். அதனால் சந்தேகம் பி பக்கத்துக்குப் போயிற்று. பி பக்கத்தில் நீ நின்றாய். அது எனக்கு நன்றாகத் தெரியும். கணக்குக்குத் தோழி கிடையாது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டு அந்த மெயிலை எழுதினேன். "இரண்டாம் டேபிள், பி பக்கம், ப்ராசஸ் ஷீட்டிலிருந்து விலகிச் செயல்படுவதாகத் தெரிகிறது. சரிபார்க்கவும்."

சரிபார்க்க வந்தவர் ஃபோர்மேன் ஏழுமலை. அவர் தன் கேபினை விட்டு வந்து உன் தோளுக்குப் பின்னால் நின்றதை நான் மேலேயிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. நீ முகமூடியைத் தூக்கினாய். அவர் உன் கையைக் காட்டி ஏதோ கேட்டார். சுற்றிலும் வேலை நின்றது. நடந்த பேச்சைப் பிறகு பக்தா அண்ணன் சொன்னார்.

"இன்னாம்மா இது, நொட்டாங்கையில புட்சிக்கினு கீற? டெஸ்ட்ல வலது கையில போட்டுக் காட்னியே, அது இன்னா சினிமாவா?"

"வலதுலயும் வரும் சார். இதுல நல்லா வரும்."

"நல்லா வர்றதெல்லாம் வூட்டுல வெச்சிக்க. டார்ச் ஓஸு பைப்பு வலது பக்கம் தொங்குது, நீ இழுத்து இழுத்துப் புடிக்கற. நாளைக்கி எதனா ஆனா எனக்குத்தான் பேஜாரு."

உன் பெயருக்கு எதிரே, டெஸ்டில் கையை மாற்றி ஏமாற்றியவர் என்று ஒரு குறிப்பு எழுதி ஆபீஸுக்கு அனுப்பினார். பெர்மனென்ட் லிஸ்ட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அன்றிலிருந்து நீ வலது கையில் வெல்டு வைத்தாய். இரண்டாம் டேபிள் பீம்களும் முறுக்க ஆரம்பித்தன. ஐந்து மில்லி, சில நேரம் ஐந்தரை. நான் புதிய புள்ளிகளை வைத்தேன். எல்லாம் வரிசையாகக் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து அரை நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் நீ வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாய். நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"நீதான எழுதன?"

"ஆமா."

"என் பேர் போட்டியா?"

"பேர் போடல. ரெண்டாம் டேபிள், பி பக்கம்னுதான் போட்டேன்."

"அங்க வேற யாரு நிக்கறாங்க, எங்கம்மாவா?"

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நீ குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்கம்மா உங்க நெலத்துல நாத்து நட்டுக்கினு இருக்கும். உங்க நைனா வரப்பு மேல நின்னுக்கினு, வரிசை கோணிக்கினு போவுது பாருன்னு கத்துவாரு. அவரு கால்ல சேறு பட்டு நான் பாத்ததில்ல. நீயும் அதே வரப்பு மேலதான் நிக்கற. கண்ணாடி போட்ட வரப்பு."

 அப்பா அப்படித்தான் நிற்பார். அதற்கு முன் அதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. கம்பெனி வாசல் வந்தது. இறங்கும்போது, "போய் பீமைப் பாரு. பேப்பரைப் பாக்காத" என்று மட்டும் சொன்னாய்.

போய்ப் பார்த்தேன். பின்புற யார்டில், நீ மாட்டிக்கொள்வதற்கு முன் செய்த பீம்கள் இன்னும் கிடந்தன. வெல்டில் மீன் செதில் போல அடுக்கடுக்காக வரி இருக்கும். அது வளைந்திருக்கிற பக்கத்தை வைத்து, கை எங்கிருந்து எங்கே போயிற்று என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பீமிலும் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். உங்கள் பீமில் இரண்டு பக்கச் செதிலும் ஒரே திசையில் போயின. மற்ற டேபிள்களில் ஒரு பக்கம் கிழக்கே போனால், எதிர்ப்பக்கம் மேற்கே வந்தது.

அப்போதுதான் பெஞ்சு நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் நீ என் வலப்பக்கம் உட்காருவாய். எழுதும்போது உன் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். என் நோட்டில் பாதிக் கோடுகள் உன்னால் கோணலானவை. பத்தாவதில் டீச்சர் உன்னை வலது கையில் எழுத வைத்த பிறகு இடி நின்றுவிட்டது. நானும் மறந்துவிட்டேன். இரும்பு எந்தச் சூட்டில் எவ்வளவு இளகும் என்பதைப் பட்டியல் பட்டியலாக மாடலில் கொடுத்தவள், ஒரு வருஷம் முழுக்க என்னை இடித்த கையைக் கொடுக்கவில்லை.

எதிரெதிரே நிற்கும் இரண்டு வலது கைக்காரர்கள், ஆளுக்கு ஆள் தன் வலத்திலிருந்து இடத்துக்குப் போனால், பீமின் மேல் எதிரெதிர்த் திசையில் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் இந்த முனையில் ஆறி இழுக்கத் தொடங்கும்போது, மறுபக்கம் அந்த முனையில் இழுக்கிறது. துணி பிழிவது போலத்தான். ஒருவர் இடது கைக்காரராக இருந்தால் அவர் கை இடத்திலிருந்து வலத்துக்குப் போகும், இருவரும் ஒரே திசையில் போவார்கள், இழுப்பும் சேர்ந்தே நகரும். பி பக்கத்தின் திசையை மாற்றிக்கொடுத்து, காலையில் மாடலை ஓடவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிந்தது. முறுக்கு ஒரு மில்லிக்கும் கீழே இருந்தது. உன் பழைய புள்ளிகள் கிடந்த அதே இடத்துக்கு என் கோடு இறங்கி வந்திருந்தது.

நான் உடனே உன்னைத் தேடி வரவில்லை. முதலில் உட்கார்ந்து மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ப்ராசஸ் ஷீட்டில் திசை விடுபட்டது என் தவறு, இரண்டாம் டேபிளைப் பற்றி எழுதியதும் என் தவறு, அங்கே செய்ததுதான் சரியான முறை, மூன்று பீம்கள் போட்டுக் காட்ட அனுமதி வேண்டும் என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டு அனுப்பினேன். பிறகு கேன்டீன் குழாயடியில் உன்னைப் பிடித்தேன். டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

"எல்லார் முன்னாடியும் இடது கையில மூணு பீம் போடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"கோணிச்சின்னா?"

"கோணாது."

"உன் கம்ப்யூட்டர் சொல்லுதா, நீ சொல்றியா?"

நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "நான் சொல்றேன்."

"கோணிச்சின்னா உனக்கு ஒண்ணும் ஆவாது. ஏசி ரூமுக்கு ஏறிப் போய்டுவ. நான் வூட்டுக்குப் போவணும்."

கடிதத்தின் நகலை உன்னிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் படித்தாய். இரண்டு தடவை படித்தாய்.

"இதுல மட்டும் பேர் போட்டுகினு கீறியே" என்றாய். டிபன் பாக்ஸை மூடினாய். "எத்தினி மணிக்கி வரணும்?"

மறுநாள் காலை ஏழரைக்கு இரண்டாம் டேபிளைச் சுற்றிக் கூட்டம். மேனேஜர், ஏழுமலை, மற்ற டேபிள்காரர்கள், ஃபீலர் கேஜோடு நான். ஃபீலர் கேஜ் என்பது விசிறி போல விரியும் எஃகு இலைகள். எந்த இலை இடுக்கில் நுழைகிறதோ அதுதான் அளவு. நீ கையுறையை மாட்டினாய். டார்ச்சை வலது கையில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இடது கைக்கு மாற்றினாய். அதைச் செய்ய உனக்கு என்ன வேண்டியிருந்தது என்பதை உன் தோள் காட்டிற்று. முகமூடி இறங்கிவிட்டதால் முகம் தெரியவில்லை.

எதிரே பக்தா அண்ணன் தலையாட்டினார். இரண்டு நீல வெளிச்சங்கள் ஒரே முனையில் பற்றி, பக்கம் பக்கமாக நடந்து, ஒரே நேரத்தில் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தன.

பீம் ஆற ஒரு மணி நேரம் ஆகும். ஆறும்போது உள்ளே எங்கோ டிக் டிக் என்று சத்தம் வரும். யாரும் நகரவில்லை. ஏழுமலைதான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏம்பா பக்தா, இத்தினி நாளா எதிர்லயே நின்னுக்கினு இருந்த. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். கண்ணாடி பாக்கற மாரி இருக்கும், இது எதிர்ல நின்னா. அது கை போற பக்கமே என் கையும் போவும். வேற ஆளு நின்னா, அவன் ஒருபக்கம் ஓடுவான், நான் ஒருபக்கம் ஓடுவேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா இது கை வெளிய தெரிஞ்சிடுமே சார். உங்களுக்குத்தான் ஆவாதே."

ஏழுமலை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நீ என் காதருகே வந்து, "நாஷ்டா துன்னியா?" என்றாய். இல்லை என்றேன். "நானும் இல்ல. கோணிச்சின்னா சேந்து துன்னலாம், நேரம் நெறைய இருக்கும்."

கோணாது என்று சொன்னபோது எனக்குப் பயம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. மாடலைப் பற்றி இல்லை. அதன் மேல் அன்றும் இன்றும் எனக்கு நம்பிக்கை உண்டு. என் வார்த்தையின் மேல் இன்னொருவர் வீட்டின் பாரம் முழுக்க ஏறி நின்றது அதுதான் முதல் தடவை.

பீமை மேஜைமேல் வைத்தார்கள். நான்காவது மூலைக்கு அடியில் அரை மில்லி இலை நுழைந்தது. ஒரு மில்லி இலையை வைத்து அழுத்தினேன், நுழையவில்லை. மேனேஜர் தானே வாங்கி ஒரு தடவை விட்டுப் பார்த்தார். ஏழுமலையிடம் நீட்டினேன். அவரும் பார்த்தார். இரண்டாவது பீமும் மூன்றாவதும் அப்படியேதான் வந்தன.

"சரி, எந்தக் கையோ. பீம் நேரா வந்தா சரி" என்றார் ஏழுமலை. குறிப்பை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார். பங்குனி லிஸ்ட்டில் ஏழாவது பெயர் உன்னுடையது. அதைப் பார்த்துவிட்டு வந்து நீ சொன்ன முதல் வார்த்தை, "இனிமே அந்த ஓஸ எடது பக்கம் மாட்டச் சொல்லு, கழுத்த அறுக்குது."

மற்ற டேபிள்களில் பி பக்கம் நின்றவர்கள், டார்ச்சைத் தள்ளாமல், எதிரே இருப்பவர் போகும் திசையிலேயே இழுத்து வெல்டு வைக்கப் பழகினார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நீ டேபிள் டேபிளாகப் போய் நின்று கேலி செய்தாய். "இன்னாண்ணா, நொட்டாங்கையா பொறந்திருக்கலாம்ல?"

உன் அம்மா கூலிக்குப் போவதை நிறுத்தவில்லை. எங்கள் நிலத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தினார். அதை நீ சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நடவு நாளில் வரப்பில் நின்று அப்பா, அந்த அம்மா ஏன் வரவில்லை என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் சரிதான் என்று ஒரு குரல் சொன்னது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாய். காய்ச்சல் என்று லீவு போட்டவள் பதினோரு நாளில் போய்விட்டாய். நான் பார்க்க வந்தபோது கண்ணைத் திறந்து, "நீ இங்க வந்து ஒக்காந்துகினு கீற, அங்க எந்த பீம் கோணிக்கினு கீதோ" என்றாய். சிரித்தேன். அதுதான் கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால்கூட வேறென்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வைக்க உன் அம்மாவோடு போகிறேன். வழியெல்லாம் அவர் பேசுவார், நான் கேட்பேன். அது எனக்குப் பழக்கம்தான்.

உன்னால் என் வேலை மாறிவிட்டது. இப்போதும் மாடல் போடுகிறேன், முன்பைவிடப் பெரியவை. அவை சொல்வது பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் எதையும் ஓடவிடுவதற்கு முன் ஒரு ஷிப்ட் முழுக்க டேபிள் பக்கத்தில் நின்று, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளி வந்தால், முதலில் அங்கே போகிறேன். என்னோடு வேலை செய்யும் புதியவர்கள், அந்தப் புள்ளியை நீக்கிவிடலாமா மேடம் என்று கேட்பார்கள். அது யாருடைய புள்ளி என்று பார்த்துவிட்டு வா என்று கீழே அனுப்புகிறேன். சலித்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒன்றோடு திரும்பி வருகிறார்கள்.

இன்று நடந்தது இதுதான். புதிய வெல்டர்களுக்கு டெஸ்ட். தாமலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பயத்தில் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக நின்றாள். ஏழுமலை பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு எந்தக் கை வரும்மா?"

அவள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் வேலை கிடைக்கும் என்று தேடும் அந்தப் பார்வையை நான் இதற்கு முன் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

"ரெண்டுலயும் வரும் சார்."

ஏழுமலை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அத கேக்கல. எதுல நல்லா வரும்?"

 அவள் இடது கையை மெல்லத் தூக்கினாள், வகுப்பில் பதில் நிச்சயமாகத் தெரியாதவர்கள் தூக்குவது போல, தோளுக்குக் கீழேயே. ஏழுமலை எழுந்துபோய், மேலே தொங்கிய ஓஸைக் கொக்கியிலிருந்து எடுத்து, தன் கையாலேயே மறுபக்கம் மாட்டினார். எதிரே பக்தா அண்ணன் முகமூடியை இறக்கினார்.

வெளிச்சம் பற்றியது. மேலே எனக்கு மீட்டிங் இருந்தது. நான் போகவில்லை. பீம் ஆறும்வரை அங்கேயே நின்றேன்.